514 எழுத்து இழையும் அதன் இலக்குகளும்

பலருடைய மூக்கிலும் தோலிலும் தொல்லை தராமல் வாழும் பாக்டீரியா ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். காயத்தின் வழியே உள்ளே புகுந்துவிட்டால் சீழ்க்கட்டி முதல் உயிரைப் பறிக்கும் ரத்தத் தொற்று வரை உண்டாக்கும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒட்டிக்கொள்ளவும் ஒளிந்துகொள்ளவும் உதவும் புரதங்களைச் செய்யும். பெருகியபின் திசுக்களைச் சிதைக்கும் நச்சுகளுக்கு மாறும். இந்த மாற்றத்தை நடத்துவது ஆர்.என்.ஏ.-3 என்னும் 514 எழுத்து (நியூக்ளியோடைடு) இழை.

இத்தகைய ஒழுங்குபடுத்தும் ஆர்.என்.ஏ.க்கள், புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வுடன் எழுத்துக்கு எழுத்து இணைகின்றன. புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வந்து அமரும் இடத்தில் இணைந்தால் புரத உற்பத்தி நிற்கும். மடிந்து கிடக்கும் தூது இழையைத் திறந்துவிட்டால் உற்பத்தி கூடும். ஆர்.என்.ஏ.-3 இரண்டையும் செய்கிறது: நோயெதிர்ப்புப் புரதங்களை ஏமாற்றும் 'புரதம் ஏ'யைத் தடுக்கிறது, ஆல்ஃபா நச்சைப் பெருக்குகிறது.

ஓர் இழையின் இலக்குகளைக் கண்டறிவதுதான் கடினம். இணையும் பகுதி ஏழெட்டு எழுத்துகளாகக்கூட இருக்கலாம். இந்தக் கிருமியின் மரபணுத்தொகுதியில் சுமார் 28 லட்சம் எழுத்துகள் உள்ளன. ஏழு எழுத்துத் தொடர் ஒன்று அதில் தற்செயலாகவே 170 இடங்களில் வரக்கூடும். 'இன்டாஆர்.என்.ஏ.' போன்ற கணினி நிரல்கள், இழை எங்கே மடிந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துப் பட்டியலைச் சுருக்குகின்றன. ஆனாலும் பொய்யான பெயர்கள் மிஞ்சும்.

ஆகவே செல்லுக்குள்ளேயே தூண்டில் போடுகிறார்கள். கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'மேப்ஸ்' முறையில், எம்.எஸ்.2 வைரஸின் உறைப்புரதம் பற்றிக்கொள்ளும் சிறு தொடரை, ஒழுங்குபடுத்தும் ஆர்.என்.ஏ.வான சிற்றிழையோடு சேர்க்கிறார்கள். செல்லை உடைத்து, அந்தப் புரதம் பதித்த குழாய் வழியே சாற்றைச் செலுத்தினால், சிற்றிழையும் அதனுடன் இணைந்த தூது இழைகளும் சிக்கும். அவற்றை வரிசைப்படுத்திப் படித்தால் யார் யார் என்று தெரியும்.

அப்போதும் சோதனை முடியவில்லை. சிற்றிழையில் ஓரிரு எழுத்தை மாற்றினால் கட்டுப்பாடு அறுபட வேண்டும். இலக்கில் அதற்கு ஈடான எழுத்தை மாற்றினால் கட்டுப்பாடு திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால்தான் இணைப்பு நேரடியானது என்று ஏற்கிறார்கள்.

இவ்வளவு கவனம் தேவைதான். ஆர்.என்.ஏ.-3-ஐ முடக்கினால் நச்சு குறையும். கூடவே ஒளிந்துகொள்ள உதவும் 'புரதம் ஏ' கூடும். ஆர்.என்.ஏ.-3-ஐ இயக்கும் அமைப்பு செயலிழந்த கிருமிகள், நாள்கணக்கில் தீராத ரத்தத் தொற்றுகளில் காணப்படுகின்றன. இலக்குகளின் முழுப் பட்டியலும் கையில் இல்லாமல் இந்த இழைகளுக்கு எதிராக மருந்து செய்யக் கூடாது.