நூற்றுக்கு 32, அப்புறம் 23

டீ வருவதற்குள் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேரிடம் கொரோனா வந்துபோன தடயம் இருந்தது. 2021 ஏப்ரலில் மறுபடி பார்த்தபோது 23 பேரிடம்தான் இருந்தது. இடையில் தொற்று நிற்கவும் இல்லை, வந்தது வராததாக ஆகிவிடவும் முடியாது. பிறகு எப்படி எண்ணிக்கை குறைந்தது?

'செரோ சர்வே' எதை அளக்கிறது என்று தெரிந்தால்தான் இது பிடிபடும். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை, இப்போது உடம்பில் வைரஸ் இருக்கிறதா என்று தேடுகிறது. செரோ சர்வே தேடுவது ஆன்டிபாடியை. அதாவது, வைரஸை எதிர்க்க உடம்பு தயாரித்துக்கொண்ட புரதத்தை. தொற்று வந்து இரண்டு, மூன்று வாரத்தில் அது ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும். ஆள் தேறி வேலைக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். தும்மல்கூட இல்லாமல் தொற்று வந்துபோனவரும் இதில் அகப்பட்டுவிடுவார்.

அப்படி அகப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2020 நவம்பர் முடிவில் தமிழ்நாட்டில் பரிசோதனையில் உறுதியானவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. ஆன்டிபாடிக் கணக்கோ, தொற்று வந்தவர்கள் குறைந்தது இரண்டேகால் கோடி என்றது.

சரி, யாருடைய ரத்தம்? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும்; அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே உடம்புக்கு முடியாதவர்கள். அதனால் கிராமங்களையும் நகர வார்டுகளையும் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அங்கே வீடு வீடாகப் போகிறார்கள். ஓர் இடத்தில் சுமார் 30 பேர். கை நரம்பில் சில மில்லி ரத்தம் எடுத்து, லேபில் குழாயைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பரிசோதிக்கிறார்கள். 2020 அக்டோபர், நவம்பரில் இப்படிப் பார்த்ததில் நகரத்தில் நூற்றுக்கு 37, கிராமத்தில் 27 என்று வந்தது. நீலகிரியில் 11, பெரம்பலூரில் கிட்டத்தட்ட 50. மாநில சராசரி ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது.

பரிசோதனையும் தப்புச் செய்யும். தொற்றே வராத நூறு பேரில் ஒருவருக்கு 'உண்டு' என்று காட்டும் கிட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் உண்மையில் தொற்று என்றால், மீதி 990 பேரில் இன்னொரு பத்துப் பேரைத் தவறாகச் சேர்த்துவிடும். 'உண்டு' என்று வந்த விடையில் பாதி பொய். அதே ஆயிரத்தில் 300 பேருக்குத் தொற்று இருந்தால், தவறாகச் சேர்வது ஏழு பேர்தான். அது பெரிதாகத் தெரியாது. 2020 மே, ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய முதல் தேசிய சர்வேயில், பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, அதாவது 0.73 விழுக்காட்டினருக்குத்தான், ஆன்டிபாடி இருந்தது. அவ்வளவு சின்ன எண்ணை, கிட்டின் பிழையைக் கழிக்காமல் நம்பவே முடியாது.

இப்போது அந்த 23-க்கு வருவோம். ராத்திரி மழை பெய்ததா என்று காலையில் தரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மத்தியானம் பார்த்தால் தரை காய்ந்திருக்கும், மழை பெய்தது பெய்ததுதான். ஆன்டிபாடியும் மாதம் போகப் போக இறங்குகிறது. லேசாக வந்துபோனவர்களிடம் கிட்டின் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு. 2020 நடுவில் தொற்று வந்த பலர் 2021 ஏப்ரலில் 'இல்லை' பக்கம் போனது இப்படித்தான். எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வைரஸை நினைவில் வைத்திருக்கும் செல்கள் தனியாக இருக்கின்றன, அவற்றை இந்தச் சோதனை பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், ஏப்ரலில் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. போன வாரம் தொற்றியவரிடம் ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது.

2021 ஜூன், ஜூலையில் அதே எண் 66 ஆனது. இரண்டாம் அலை ஒரு காரணம், தடுப்பூசி இன்னொரு காரணம். கோவிஷீல்டு போட்டவருக்கு வைரஸின் முள்புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் வரும். வைரஸின் உள்ளே இருக்கும் புரதத்துக்கு எதிரானதும் இருந்தால், அவருக்குத் தொற்று வந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லலாம். கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. அதைப் போட்டவரிடம் இரண்டுமே வரக்கூடும். அங்கே ஊசியா, தொற்றா என்று ரத்தத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம்.

ஆக, தடுப்பூசி வருவதற்கு முன்னால் எடுத்த சர்வேயில் 32 என்றால், 'குறைந்தபட்சம் 32' என்று படிக்க வேண்டும். தடயம் அழிந்தவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். ஊசி வந்த பிறகு எடுத்த 66-ஐ அப்படிப் படிக்கக் கூடாது. அதில் தொற்றே வராதவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.