முப்பது நொடி நீட்டல்

கோலார் தங்கவயலில் பொழுது புலருமுன்னரே இரயில் நிலையங்கள் நிரம்பிவிடுகின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இவ்வூரார் பல்லாயிரவர்க்குப் பிழைப்பு பெங்களூரில்தான். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம். அங்கே சென்றதும் மீண்டும் நாற்காலி. மாலையில் மறுபடியும் இரயில் இருக்கை. வங்கி அலுவலராகிய நானும் ஒன்பது ஆண்டுகள் அவ்வாறு சென்று வந்தவன்.

அதன் பலன் என் மாமனாரின் எழுபதாம் பிறந்தநாளன்று தெரிந்தது. வணங்குவதற்காகக் குனிந்தேன். தொடையின் பின்புறம் கயிறு கட்டி இழுத்தாற்போல் பிடித்துக்கொள்ள, விரல்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன. "போதும் மாப்பிள்ளை, ஆசீர்வாதம் அங்கேயே வந்து சேரும்" என்றார் அவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்த மனிதர். தட்டிலிருந்து உருண்ட எலுமிச்சம்பழத்தை அவரே குனிந்து எடுத்தார்.

இயன்முறை மருத்துவர் ஒருவர் எனக்குக் கற்பித்தது மிக எளிய பயிற்சி. நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, ஒரு காலை முன்னே நீட்டிக் குதிகாலைத் தரையில் ஊன்ற வேண்டும். கால்விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். முதுகைக் கூன வளைக்காமல், இடுப்பிலிருந்து மெல்ல முன்சாய வேண்டும். தொடையின் பின்னே இழுப்பு தோன்றும் இடத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். இழுப்பு இருக்கலாம், வலி கூடாது. குலுக்கிக் குலுக்கிக் குனிவதும், மூச்சை அடக்குவதும் தவறு. கெண்டைக்காலுக்குச் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்ந்தால் போதும்.

எவ்வளவு நேரம்? கணக்கு கேட்பது எங்கள் தொழில் பழக்கம். அமெரிக்க ஆய்வாளர்களான பாண்டியும் ஐரியனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 15, 30, 60 நொடிகள் என மூன்று பிரிவினர் வாரம் 5 நாள் வீதம் 6 வாரம் பயின்றனர். 30 நொடி பிடித்தவர்க்கு 15 நொடியினரைவிடத் தெளிவான பலன் கிட்டியது; 60 நொடியினர்க்கு அதற்கு மேல் கூடுதலாக ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு மூன்று முறை செய்வதும் ஒருமுறை செய்வதும் ஏறக்குறைய ஒன்றே என்று 1997இல் அவர்களது அடுத்த ஆய்வு கூறிற்று. ஆயினும் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 60 நொடியே மிகுந்த பயன் தந்தது. ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர்கள் இதைக் கருத்திற்கொள்ளலாம்.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. சில வாரப் பயிற்சியில் தசை உண்மையில் நீண்டுவிடுவதில்லையாம். இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் எல்லைதான் பெரிதும் உயர்கிறது என்பது 2010இல் வெப்ளர், மேக்னசன் ஆகியோர் முன்வைத்த விளக்கம். வங்கி மொழியில் சொன்னால், இருப்பு கூடவில்லை. மிகைப்பற்று வரம்பு கூடியிருக்கிறது. பயிற்சியைக் கைவிட்டால் அந்த வரம்பும் படிப்படியாகச் சுருங்கும்.

நீட்டல் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலியை அது குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. ஓட்டத்துக்கோ தாண்டுதலுக்கோ சற்று முன்னர் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அதன் விசை சிறிது குறையவும் கூடும். நேரங்கெட்ட நேரத்தில் இரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள் முதலில் வேகமாக நடப்பதே நன்று! கால் மரத்துப்போதல், இடுப்பிலிருந்து பாதம்வரை மின்னல் போல் வலி பரவுதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாதல் ஆகியவை இருந்தால் பயிற்சியைத் தொடாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

நான் மதிய உணவுக்குப் பின், என் இருக்கையிலேயே காலுக்கு 30 நொடி செலவிடுகிறேன். தொடக்கத்தில் சக அலுவலர்கள் சிரித்தனர். இப்போது இருவர் சேர்ந்துகொண்டனர். ஏழாம் வாரம் தீபாவளி வந்தது. மாமனார் முன் குனிந்தேன். விரல்கள் கணுக்காலைத் தொட்டன. பாதத்துக்கு இன்னும் நான்கு விரற்கடை பாக்கி.