அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்

பெங்களூரில் வசித்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012-ல், தம் 86-ஆம் வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படியேறினார். ஆதாருக்கென்று அப்போது ஒரு சட்டம்கூடக் கிடையாது. அந்தரங்கம் பறிபோகிறது என்ற வாதத்துக்கு அரசுத் தரப்பு சொன்ன பதில், அப்படியோர் அடிப்படை உரிமையே அரசியல் சாசனத்தில் இல்லை என்பது.

வெறும் விதண்டாவாதம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1954-ல் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த அர்த்தத்தில்தான் எழுதியிருந்தது. கரக் சிங் வழக்கும் இருந்தது. கொள்ளை வழக்கில் சாட்சியமில்லாமல் விடுபட்டவர் அவர். ஆனாலும் உத்தரப் பிரதேசப் போலீசார் நள்ளிரவில் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். இரவில் வரக்கூடாது என்றது 1962 தீர்ப்பு. அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்ல மட்டும் பெரும்பான்மைக்கு மனம் வரவில்லை.

எட்டுப் பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக உரிமை உண்டு என்றார்கள். போகிற போக்கில் ஒரு பழைய கணக்கும் தீர்ந்தது. நெருக்கடி நிலையின்போது பெங்களூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்ட வாஜ்பாயும் அத்வானியும் தொடுத்த ஆட்கொணர்வு மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருந்தது. 1976-ல் உச்ச நீதிமன்றம் 4:1 என்ற கணக்கில், அப்படி நீதிமன்றத்தை நாடும் கதவை அடைத்தது. அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். அத்தீர்ப்பு தவறு என்று 2017-ல் எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

ஆனால் உரிமை உண்டு என்பதோடு விஷயம் முடியாது. அரசு அதில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்? கைவைப்புக்குச் சட்டம் இருக்கிறதா, நோக்கம் நியாயமானதா, அந்த நோக்கத்துக்கு இவ்வளவு தேவையா என்று நீதிமன்றம் வரிசையாகக் கேட்கும். பதில் சொல்லும் பொறுப்பு அரசுடையது. எந்தக் கேள்வியில் சறுக்கினாலும் அதோடு சரி.

இதற்கிடையே ஆதாருக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 2018 செப்டம்பரில் அது இந்தச் சோதனைக்கு வந்தது. கடைக்காரர் நீட்டிய கருவியில் கட்டைவிரலை வைத்து ஆதாருடன் சிம்மை இணைத்தோமே, அது முதல் கேள்வியிலேயே தோற்றது. வெறும் சுற்றறிக்கைதான், சட்டமில்லை. வங்கிக் கணக்கை இணைக்க விதி இருந்தது, கறுப்புப் பணத்தைப் பிடிக்கும் நோக்கமும் சரி. ஆனால் அதற்காகக் கணக்கு வைத்திருக்கும் எல்லோரையும் சந்தேகிப்பதா என்று அது கடைசிக் கேள்வியில் விழுந்தது. ரேஷனும் பான் கார்டும் தப்பின. ரேஷனுக்கு ஆதரவாக, பசித்தவரின் கண்ணியமும் ஓர் உரிமைதான் என்ற வாதம் எடுபட்டது. கைரேகைச் சரிபார்ப்பு பற்றிய பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்கலாம் என்ற விதி ஆறு மாதமாகச் சுருங்கியது.

இதுவும் 4:1 தீர்ப்புதான். அதே கேள்விகளைக் கேட்ட ஐந்தாமவர் டி.ஒய். சந்திரசூட், ஆதார் சட்டம் முழுவதுமே செல்லாது என்று எழுதினார்.