தோயாத பாலும் கிருமியுண்ணியும்

பால் தோயாவிடில், கொணர்ந்தவர் நீர் கலந்தாரென்று பழிப்பது கிராமங்களில் வழக்கம். அங்ஙனம் பழிபட்ட ஒரு குடியானவரின் பாலை யான் சோதித்தேன், நீர் கலப்பில்லை. அதே பாலில் ஒரு பங்கிற்கு வேறு வீட்டு உறைமோரை இட, அது கட்டியாகத் தோய்ந்தது. குற்றம் பாலில் அன்று, உறைமோரில் இருந்தது.

பாலைத் தயிராக்கும் நுண்கிருமிகளுக்கும் ஒரு பகை உண்டு. பாக்டீரியோபேஜ், அதாவது கிருமியுண்ணி, என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் டுவோர்ட் என்பவர் 1915-லும், பாரிஸில் டெரேல் என்பவர் 1917-லும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். இது கிருமியினுட் புகுந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் பல மடங்காய்ப் பெருகி, அதனை வெடிக்கச் செய்து வெளிப்படும். மனிதரையும் மாட்டையும் இது தாக்குவதில்லை.

நியூஸிலாந்தில் சீஸ் செய்வோர், குற்றமற்ற சரக்கை வேண்டி, ஒரே இனக் கிருமியைத் தனியே வளர்த்து உறையாக இட்டனர். நன்கு புளிக்கத் தொடங்கிய பால் நடுவில் நின்றுவிட்டது. 1935-ல் வைட்ஹெட், காக்ஸ் என்னும் இருவர் இதற்குக் கிருமியுண்ணியே காரணமெனக் காட்டினர். பின்னர் உறையை நாள்தோறும் மாற்றியிடும் முறை அங்கு ஏற்பட்டது. நம் வீட்டு உறைமோரில் பல இனங்கள் கலந்திருப்பதால் முழுவதும் கெடுவது அரிது. நம் பாட்டிமார் அறியாமலே செய்த காப்பு இது.

தோயாமைக்கு வேறு காரணங்களும் உள. மடிநோய்க்குப் பென்சிலின் இட்ட மாட்டின் பால் தொடக்கத்திலிருந்தே புளியாது. கிருமியுண்ணி புகுந்த பாலோ பெரும்பாலும் சிறிது புளித்துப் பின் நிற்கும். குளிரையும் மறக்கலாகாது.

அரைகுறையாய்ப் புளித்து நின்ற பாலை மறுபடி காய்ச்சி விற்பது பெருந்தவறு. புளிப்பு ஏறாதவிடத்து ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி பெருகி நஞ்சு கக்கக்கூடும். கிருமி மடியினும் அந்நஞ்சு கொதியில் எளிதில் அழியாது. அப்பாலைக் கொட்டிவிடுக. இதே கிருமியுண்ணி இனத்தை மனிதருக்கு உதவியாக்கியதும் உண்டு: லிஸ்டீரியா என்னும் நச்சுக்கிருமியை ஒழிக்க, பதப்படுத்திய இறைச்சியின்மீது தெளிப்பதற்கு 2006-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது.

63 டிகிரி சென்டிகிரேடில் அரைமணி காய்ச்சியும் பல கிருமியுண்ணிகள் பிழைத்திருக்கும். ஆதலால் பால் சங்கங்களில் பாத்திரங்களைக் கழுவியபின் குளோரின் நீரில் அலசுக. மோர்த்தெளிவு சிந்தும் இடத்திலிருந்து விலகிய அறையில் உறையைத் தயாரிக்க. வெவ்வேறு வீடுகளிலிருந்து பெற்ற இரண்டு மூன்று உறைமோர்களைத் தனித்தனியே மூடிவைத்து, முறை மாற்றி இடுக.