பழைய சாமானில் பழுது: நஷ்டம் யார் தலையில்?

மலிவாகக் கிடைக்கிறதே என்று செல்போன் விளம்பரத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவரிடம் ரூ.4,000-க்கு ஒரு பழைய பிரிட்ஜ் வாங்குகிறோம். மூன்றாம் நாள் அது குளிர மறுக்கிறது. விற்றவரைக் கேட்டால், "கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது?" என்கிறார்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அல்லவா! என்ன செய்வது?

சட்டம் சொல்வது என்ன?

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு என்பது அதன் பொது விதி. பொருளின் தரத்துக்கு வியாபாரி பொறுப்பாளி. வீட்டில் இருந்ததை விற்கும் தனி ஆளுக்கு அந்தப் பொறுப்பு பெரும்பாலும் இல்லை.

ஆனால் அவருக்கும் கடிவாளம் உண்டு. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்று இருக்கக் கூடாது. "புது கம்ப்ரசர் போட்டது" என்று எழுதிவிட்டுப் பழையதையே கொடுத்தால் தவறு அவருடையது. தெரிந்தே பழுதை மறைத்தால் அது மோசடி. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்த விற்பனையை ரத்து செய்யலாம்.

அத்தாட்சி வேண்டும்

ஆகவே, விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். சாமானை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தேதி, தொகை, சொன்ன விவரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள்.

தகராறு வந்தால்

முதலில் நிதானமாகப் பேசுங்கள். ரிப்பேர் செலவில் பாதியை அவர் ஏற்றால்கூட லாபமே. நாலாயிரம் ரூபாய்க்கு வக்கீல் வைத்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்!

அவர் மசியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் சம்மதித்தால்தான் அங்கே முடிவு. அந்த முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. விவரம் கேட்க டெலிபோன் எண் 15100. விற்றவர் வியாபாரி என்றால் 1915-ல் நுகர்வோர் புகார் சொல்லலாம்.

முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டாரா? ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வழி உண்டு.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழுதைச் சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையும். ஆனால் வாங்கிய குடும்பம் உங்களைச் சபிக்காது!