ஒரு பாதி ஒட்டும், மறு பாதி விரட்டும்

புது மழைக்கோட்டில் முதல் மழை விழும்போது கவனியுங்கள். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடும். பல முறை துவைத்த பிறகு அதே துணி ஈரத்தை இழுத்துக்கொண்டு கனக்கும். துணி கிழியவில்லை, மேலே இருந்த பூச்சு போய்விட்டது. நீரை விரட்டும் பொருள் வேறு எதனோடும் எளிதில் ஒட்டாது. தன்னைத் தாங்கும் துணியோடும்கூட.

தாமரை இலைக்கு இந்தக் கவலை இல்லை. அதன் மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் நுண்ணிய மெழுகு. துளி மேட்டு நுனிகளில் மட்டுமே உட்காருகிறது. அடியில் இருப்பது பெரும்பாலும் காற்று. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997-இல் இதை விரிவாக விளக்கினார்கள். மெழுகு தேய்ந்தால் உயிருள்ள இலை மறுபடி சுரந்துகொள்ளும். துணிக்கு அந்த வழி இல்லை.

அதனால் துணிமேல் பூசும் நுண்துகளையே ஆய்வாளர்கள் இரண்டாகப் பகுத்தார்கள். ஒரு பாதி துணியைப் பற்றிக்கொள்ள, மறு பாதி நீரைத் தள்ள. இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுளின் பெயரால் இவை ஜானஸ் துகள்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் து ஜென் தமது 1991 நோபல் உரையில் இவற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிய உருண்டையில் பாதிக்கு மட்டும் எப்படிப் பூசுவது? 2006-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் கிரானிக் குழு செய்து காட்டிய வழி அழகானது. சூடான நீரில் உருகிய மெழுகையும் சிலிக்கா துகள்களையும் போட்டு வேகமாகக் கலக்கினார்கள். எள்ளில் புரட்டிய உருண்டைபோல, மெழுகுச் சொட்டுகளைச் சுற்றித் துகள்கள் பாதி புதைந்து நின்றன. ஆறியதும் மெழுகு இறுகி அவற்றைப் பிடித்துக்கொண்டது. வெளியே தெரிந்த பாதிக்கு மட்டும் ரசாயனம் ஏற்றி, பிறகு மெழுகைக் கரைத்தார்கள். மெழுகு போட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பது பாத்திக் துணி போடுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள லைப்னிட்ஸ் பாலிமர் ஆய்வு நிறுவனத்தினர் 2011-இல் இத்தகைய துகள்களைப் பாலியெஸ்டர் இழைகளில் பதித்தார்கள். ஒரு முகம் இழையோடு வேதிப் பிணைப்பால் இறுகிக்கொள்ள, நீரை விரட்டும் முகம் தானாகவே வெளிப்பக்கம் திரும்பியது. தாமரை இலையின் மேடும் மெழுகும் துணியில் ஒரே துகளாக வந்து உட்கார்ந்தன.

ஆனால் துகள் செய்யும் அந்த மெழுகு வழியில், சொட்டின் மேற்பரப்பில் மட்டுமே துகள்கள் நிற்பதால், ஒரு தடவைக்குக் கிடைப்பது சொற்பம். ஆலைக்கோ கிலோ கணக்கில் வேண்டும். இன்னொன்றும் முக்கியம். மழைத்துணிப் பூச்சுகளில் நீண்டகாலமாகப் பயன்பட்டுவந்த பிஎஃப்ஏஎஸ் என்னும் ஃபுளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மனித ரத்தத்திலும் சிதையாமல் தங்குகின்றன. நாளைய துகளின் விரட்டும் பாதி ஃபுளூரின் இல்லாததாகவே இருக்க வேண்டும். அதுவரை, மழைக்கோட்டு வாங்கும்போது 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.