பொழுது சாய்ந்தபின் காடு இறங்குவது

எங்கள் தாத்தா டோர்ச் லைட்டை மடியில் செருகிக்கொண்டு இருட்டில் நடப்பார். எங்கள் மீரியபெத்தைத் தோட்டத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் தொங்கலுக்கு விறகெடுக்கப் போய் நேரமாகிவிட்டால் நான் லைட்டைக் கேட்டுக் கையை நீட்டுவேன். "பொறுடா. கண்ணு வரட்டும்" என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். கண் எங்கே போயிருந்தது, எங்கிருந்து வரவேண்டும் என்று எனக்கு விளங்காது. பத்து நிமிடம் போகும். முதலில் மானாப்புல்லின் விளிம்பு வெள்ளையாகத் தெரியும். பிறகு அதன் நடுவே ஒற்றையடிப் பாதை, யாரோ மெல்ல வரைந்தது மாதிரி எழுந்து வரும். அப்போதுதான் எழுந்திருப்பார்.

இந்த நடையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா. துரைமார் மரை வேட்டைக்குப் போனபோது சாமான் சுமந்து பின்னால் போனவர் அவர். வேட்டையைப் பற்றி வெள்ளைக்காரர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையை மடக்கிக் கத்தியால் குத்திக் கொன்ற கதைகளைப் புத்தகமாகவே போட்டார். மரையை அவர்கள் 'எல்க்' என்றார்கள். ஐரோப்பாவின் எல்க் வேறு விலங்கு. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். அவர் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையில் உள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. சுட்ட மரையைத் தோளில் போட்டு இருட்டில் இறக்கியவர்களின் நடையைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை. அந்த நடைக்குள் எவ்வளவு அறிவியல் இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மரையையோ மானையோ வேட்டையாடுவது குற்றம். 1937இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. துரைமாரின் வேட்டைக்களமாக இருந்த ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. இன்று அங்கே மரைகள் மனிதர்களுக்குப் பத்தடி தூரத்தில் புல் மேய்கின்றன. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. வேட்டை போனது நல்லது. அதோடு அந்த நடையும் போய்விடக் கூடாது. ஏனென்றால் தோட்டத்தில் இருட்டில் நடப்பது இன்னும் நின்றுவிடவில்லை.

வேட்டைக்குப் போனவன் ஏன் இருட்டில் திரும்பவேண்டி வந்தது? மரை பகலில் காட்டுக்குள் படுத்துக்கிடக்கும். வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் பத்தனைப் புல்வெளிக்கு மேயவரும். அதைப் பார்க்க வேண்டுமானால் கடைசி வெளிச்சம்வரை காத்திருக்க வேண்டும். நம் நாட்டிலோ அந்தக் கடைசி வெளிச்சம் சட்டென்று போய்விடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக விழுகிறது. அது மறைந்து 20 முதல் 23 நிமிடத்துக்குள் கண்ணுக்குப் பயன்படும் வெளிச்சம் தீர்ந்துவிடும். இலண்டனில் ஜூன் மாதம் சூரியன் சாய்வாக இறங்குவதால் இதே மங்கல் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். அந்த ஊர்க் கணக்கில் வளர்ந்தவர்களுக்கு எங்கள் ஊவா மலைகளின் அந்தி ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். 'கருக்கல்' என்ற சொல்லை நாம் சொல்லி முடிப்பதற்குள் கருக்கல் முடிந்துவிடும்.

இனி தாத்தா சொன்ன 'கண் வருவது'. நம் விழித்திரையில் இரண்டு வகை உணர்செல்கள் உண்டு. கூம்புச் செல்கள் சுமார் 60 இலட்சம். பகல் வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்ப்பவை. கோல் செல்கள் சுமார் 12 கோடி. மங்கலில் வேலை செய்பவை, நிறம் அறியாதவை. கோல் செல்லுக்குள் ரொடொப்சின் என்றொரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதையும். இருட்டில் மறுபடி சேரும். முழுவதும் சேர 30 முதல் 40 நிமிடம் ஆகும். அது சேரச் சேர, இல்லாத பாதை இருப்பதாகிறது. ரொடொப்சின் உண்டாக விட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தவர்களுக்கு வருவதுதான் மாலைக்கண்.

பாடுபட்டுச் சேர்த்த அந்த நிறமியை டோர்ச் வெளிச்சம் ஒரு நொடியில் சிதைத்துவிடும். லைட் அடித்தால் அதன் வட்டத்துக்குள் கிடக்கும் ஆறடி பளிச்சென்று தெரியும். அதற்கு வெளியே உலகமே இல்லாமல் போகும். அணைத்தால் அந்த ஆறடியும் போய்விடும். சிவப்பு வெளிச்சத்தைக் கோல் செல்கள் அநேகமாக உணர்வதில்லை. ஆகவே லைட் தேவைப்பட்டால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்வது நல்ல வழி. கோல் செல்கள் சிவப்பை அறியாததால் இன்னொன்றும் நடக்கும். அந்தியில் முதலில் கறுப்பாகிப் போவது சிவப்புச் சேலைதான். பச்சை இலை அதற்குப் பிறகும் சற்று நேரம் வெளிறித் தெரியும்.

விழித்திரையின் நட்டநடு மையத்தில் கோல் செல்களே கிடையாது. இருட்டில் ஒரு பொருளை நேராக உற்றுப்பார்த்தால் அது மறைந்துபோகும். சற்றே பக்கத்தில் பார்வையை வைத்தால் திரும்பி வரும். "நேரே மொறைச்சுப் பாக்காத, கடைக்கண்ணால பாரு" என்று தாத்தா சொன்னதன் பொருள் எனக்கு இருபது வருடம் கழித்து ஒரு பாடப்புத்தகத்தில்தான் கிடைத்தது.

இருட்டில் மரையின் கண் நம்முடையதைவிடப் பல மடங்கு தேர்ந்தது. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையைத் தாண்டிப்போன ஒளியை அது திருப்பி அனுப்ப, அதே ஒளி இன்னொரு தரம் பயன்படுகிறது. லைட் பட்டதும் மரையின் கண் எரிவது இந்தப் படலத்தால்தான். சிறுத்தைக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் இது உண்டு. மனிதனுக்கு இல்லை. பன்றிக்கும் இல்லை! தேயிலைக்குள் குட்டிகளோடு நிற்கும் காட்டுப்பன்றியின் கண் டோர்ச்சுக்குப் பளபளக்காது. கண் மின்னவில்லை, ஆகவே அங்கே ஒன்றும் இல்லை என்று நம்பிக் காலை வைப்பவர்கள் அடிபடுகிறார்கள். மலையில் இருட்டில் இறங்குகிறவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

அடுத்தது திசை. காட்டுக்குள் நேராக நடப்பதாக நாம் நினைக்கிறோம். உடம்புக்கு அது தெரியாது. யான் சௌமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியின் ஒரு காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சூரியனைப் பார்க்க முடிந்தவர்கள் ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்கள் தம்மை அறியாமலே வட்டமடித்துத் தாம் வந்த தடத்தையே கடந்தார்கள். பாலைவனத்தில் இரவில் நடந்த ஒருவர் நிலவு இருக்கும்வரை நேராகப் போனார்; நிலவு மறைந்ததும் வளைந்து வந்த பக்கமே திரும்பினார். கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் குறுக்களவுக்குள்ளேயே சுற்றியவர்களும் உண்டு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதெல்லாம் காரணமல்ல. ஒரே ஆள் ஒருமுறை இடமும் மறுமுறை வலமுமாக வளைந்தார். வெளியே ஓர் அடையாளம் இல்லாவிட்டால், எது நேர் என்ற கணக்கே தலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிடுகிறது.

எங்கள் மலையில் அந்த வெளியடையாளம் சரிவு. கொஸ்லாந்தைப் பக்கத்து மலைகள் தெற்கு நோக்கி வெல்லவாயச் சமவெளிக்குச் சரிகின்றன. இடையில் பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்குப் போகும் பெரிய ரோட்டு குறுக்கே ஓடுகிறது. பணிய இறங்கினால் ரோட்டு வரும். ஆனால் இறங்குவதிலும் ஒரு விலக்கு இருந்தது. வழி தவறினால் ஓடையோடு இறங்கு என்று பல நாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. தாத்தா அதைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். "தண்ணி போற எடத்துல நாம போகக் கூடாது. தண்ணிக்கு எலும்பு இல்ல" என்பார். இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி பம்பரகந்த, 263 மீட்டர். அடுத்தது தியலும, 220 மீட்டர். இரண்டும் பதுளை மாவட்டத்தின் இந்தத் தெற்கு விளிம்பிலேயே விழுகின்றன. நல்ல பிள்ளைபோல் சலசலத்துக்கொண்டு கூடவே வரும் ஓடை, இந்த மலையில் திடீரென்று பாறை விளிம்பிலிருந்து குதித்துவிடும். ஆகவே ஓடையின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, அதற்கு எட்டத்தில் முதுகுமேட்டோடு இறங்க வேண்டும்.

தேயிலைக்குள் வந்துவிட்டால் ஆபத்து சின்னதாகும், ஆனால் எண்ணிக்கையில் கூடும். மழைநீர் வடிய வெட்டிய கான்கள் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கிடக்கும். இருட்டில் அதற்குள் கால் போனால் கணுக்கால் முறியும். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் மெல்லப் பதித்து, நிலம் தாங்குகிறதா என்று பார்த்தபிறகே உடம்புப் பாரத்தை அதன்மேல் விடவேண்டும். கையில் ஒரு கம்பு, முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தபடி. முட்கொடியும் சிலந்தி நூலும் முதலில் அதில்தான் படும்.

காதுக்கும் வேலை உண்டு. மரை மிரண்டால் முன்காலைத் தரையில் அறைந்து, ஊதுகுழலைத் திடீரென்று ஊதி நிறுத்தியது போல் ஒரு சத்தம் போடும். கேளையாடு நாய் குரைப்பதுபோல் நிறுத்தாமல் நெடுநேரம் கத்தும். அந்தச் சத்தங்கள் பெரும்பாலும் சிறுத்தை நகர்வதைச் சொல்பவை. சில நேரம் நம்மைப் பற்றியவை. பொழுது விழுந்ததும் மலைச்சரிவு குளிர்ந்து, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தை நோக்கி வழியத் தொடங்கும். நம் வியர்வை வாடையும் பீடி வாடையும் அதோடு நமக்கு முன்னால் இறங்கிப் போய்விடும். நாம் வருவது கீழே நிற்கும் எல்லா உயிருக்கும் நாம் வருமுன்பே தெரியும். இதைப் பயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்தால் அவை விலகிக்கொள்ளும்.

விலகிக்கொள்ளத் தெரியாதவை மனிதன் வைத்தவை. கட்டுத்துவக்கு என்று ஒன்று இருக்கிறது. விலங்கு போகும் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்து, துவக்கின் விசையோடு கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பியைத் தட்டுவது பன்றியா, மரையா, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு தாயா என்று துவக்குக்குத் தெரியாது. பன்றிக்குப் போடும் கம்பிச் சுருக்கும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் இலக்சபான தோட்டத்தில், அப்படியொரு சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிச் சில நாட்களில் செத்துப்போனது. மலையகத்தில் அவ்வளவு அபூர்வமான உயிர், கழுத்தில் ஒரு கம்பியோடு! அதன் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விலங்குத் தடத்தில் இருட்டில் நடக்காதே என்ற பழைய விதிக்கு இன்று இதுதான் முதல் காரணம். ஆள் நடந்து தேய்ந்த பாதையிலேயே வர வேண்டும், அது சுற்றாக இருந்தாலும்.

ஆனால் பாதையும் சாசுவதமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. பலர் அந்த மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். மூன்று தலைமுறை கண்ணை மூடிக்கொண்டு நடந்த தடங்களும் அன்று மண்ணுக்குள் போயின. சில மாதம் கழித்து நான் அங்கே போனபோது கால் தானாக ஓர் இடத்தில் இடப்பக்கம் திரும்பியது. அங்கே பாதை இல்லை. சிவந்த மண்மேடும் அதன்மேல் புதிதாக முளைத்த புல்லும்தான் இருந்தன. தெரிந்த பாதை என்பது கண்ணில் இருப்பதைவிடக் காலில்தான் அதிகம் இருக்கிறது என்று அன்று எனக்குப் பட்டது.

இன்றும் விடியுமுன் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போகிறவர்களும், பின்னேர வகுப்பு முடிந்து மேட்டு லயத்துக்கு ஏறுகிற பிள்ளைகளும் விளக்கில்லாத இந்தப் பாதைகளில்தான் நடக்கிறார்கள். கையில் ஃபோன் லைட் இருக்கிறது. அதை முகத்துக்கு நேரே பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடிக்க யாராவது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

தாத்தாவோடு நடந்த கடைசித் துண்டு எப்போதும் பெரிய ரோட்டுதான். காடு இறங்கி, தேயிலை இறங்கி, ரோட்டோரம் வந்ததும் பெரகலைப் பக்கமிருந்து ஒரு லொறி வளைவு திரும்பும். அதன் வெளிச்சம் எங்கள்மேல் விழுமுன் அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "ஒத்தக் கண்ண மூடிக்க" என்பார். மூடிக்கொள்வேன். லொறி போனபின் திறந்தால், வெளிச்சம் பட்ட கண் குருடாகி நிற்கும். மூடிவைத்த கண்ணில் ரோட்டும் மதகும் அதற்கப்பால் லயத்துப் படிக்கட்டும் அப்படியே இருக்கும். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேருவோம்.